இயற்றியவர்: தெரியவில்லை

டைரக்டர் என்று அவளுக்கு வீட்டில் பேர் வைத்தது மாமியார்தான். மரியாதையாக வைத்த பேர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் காலை, ஜன்னல் வெளிச்சம் சுவரில் விழுகிற அழகைப் போனில் படம் பிடித்துக்கொண்டு மருமகள் மெய்மறந்து நின்றாள். பின்னால் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. "டைரக்டரே, பாலும் பொங்கிடுச்சு. அதையும் ஒரு ஷாட் எடுத்துக்கோ" என்றார் மாமியார். அன்று ஒட்டிக்கொண்ட பேர், பிறகு கடையில், கட்டடத்தில், காய்கறிக்காரரிடம் என்று எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது.

பகல் முழுக்க அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி வச்சது தெளிவா இருந்துச்சா?" என்று நாளைக்கு ஐம்பது தடவை கேட்பாள். சனி, ஞாயிறுகளில் குறும்படம் எடுப்பாள். எடுத்ததை இணையத்தில் போடுவாள். நாலு பேர் பார்ப்பார்கள், அதில் மூன்று பேர் சொந்தக்காரர்கள். நாலாவது ஆள் யார் என்று அவளும் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

ஐந்தாவது படத்துக்கு 'ஆறு சட்டை' என்று பேர். ஒரு பெண் ஆறு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு முடிப்பதற்குள், இந்த வீட்டில் இருப்பதா போவதா என்று முடிவெடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. நடிக்க ஒப்புக்கொண்ட பெண்மணிக்குப் படப்பிடிப்பு அன்று காலையில் கடைவாய்ப்பல் வலித்துக் கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. விளக்கெல்லாம் கட்டியாயிற்று, இரவல் கேமராவை மாலையில் திருப்பித் தர வேண்டும். டைரக்டருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வீட்டில் இருந்த ஒரே பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு நடிப்பெல்லாம் வராதும்மா. சட்டையைத் தேய்க்கணும்னா தேய்க்கறேன்" என்றார் மாமியார்.

"அதுதான் வேணும் அத்தை. கேமராவைப் பார்க்காதீங்க, அது போதும்."

அத்தை சொன்னபடி தேய்த்தார். மூன்றாவது சட்டைக்கும் நாலாவது சட்டைக்கும் நடுவில் என்ன ஆனதோ, கேமரா இருப்பதையே மறந்துவிட்டார். உதடு மூடியபடி ஒரு மெட்டு முணுமுணுப்பாக வர ஆரம்பித்தது. விறுவிறுவென்று ஒரு வரி ஓடும், சட்டென்று நிற்கும், மூச்சு விடுகிற நேரம் சும்மா இருக்கும், பிறகு அடுத்த வரி ஓடும். நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் அத்தையின் இடது கை தோள் உயரத்துக்கு எழும்பும், ஒன்றும் செய்யாமல் இறங்கிவிடும். நாலு நிமிடம் இப்படியே ஓடியது. கேமராவுக்குப் பின்னால் டைரக்டர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கையில் தயாரிப்பாளர் இல்லாதவர்களுக்காக இணையத்திலேயே ஆண்டுக்கொரு முறை நடக்கிற ஒரு திரைவிழா இருக்கிறது. மூன்று வருடமாக அவள் விண்ணப்பித்துப் பார்க்கிறாள், மூன்று வருடமும் 'நன்றி, அடுத்த முறை' என்றே பதில் வந்தது. இந்த முறை திங்கட்கிழமை காலையில் 'வாழ்த்துகள்' என்று கடிதம் வந்தது. நடுவர் ஒருவர் எழுதிய குறிப்பும் கூடவே இருந்தது: 'அந்த இடது கையின் தயக்கத்தில் ஒரு முழு வாழ்க்கை தெரிகிறது.'

அதை அவள் மூன்று முறை உரக்கப் படித்துக் காட்டினாள்.

"தயக்கமா? என் கைக்கு என்ன தயக்கம்?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார் அத்தை.

அதே வேகத்தில் டைரக்டர் விழாவின் படிவங்களை நிரப்பினாள். அதில் ஒன்று இசைப் படிவம். படத்தில் வருகிற ஒவ்வொரு இசைக்கும் இயற்றியவர் யார், உரிமை யாரிடம், அனுமதிக் கடிதம் எங்கே என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். படத்தில் இருப்பதே ஒரே ஒரு முணுமுணுப்புதானே என்று, 'இயற்றியவர்: தெரியவில்லை. ஏதோ பழைய பாட்டு' என்று தட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போனாள். கண் பவர் பார்க்கிற தொழிலில் இருப்பவள் இவ்வளவு மங்கலாக ஒரு பதில் எழுதியிருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இன்னொரு கடிதம் வந்தது. படத்தை ஏற்றி வைத்திருந்த வீடியோ தளத்தில், மெட்டுகளை மோப்பம் பிடிக்கிற ஒரு மிஷின் இருக்கிறது. அது அத்தையின் முணுமுணுப்பைப் பிடித்துவிட்டது. இந்த மெட்டு 'ஆழ்ந்த உறக்கம், பகுதி பதினேழு' என்ற ஒலித்தொகுப்புக்குச் சொந்தம் என்றும், தூக்க இசை விற்கிற ஒரு கம்பெனி உரிமை கோருகிறது என்றும் சொல்லிப் படத்தை முடக்கிவிட்டது. விழாக்காரர்களும் உடனே எழுதினார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இசைப் படிவம் சுத்தமாக வராவிட்டால், வரிசையில் காத்திருக்கும் அடுத்த படத்துக்கு இடம் போய்விடும்.

மூன்று வருடக் காத்திருப்பு. டைரக்டர் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு இடது கண் பவரை வலது கண்ணுக்கு எழுதிவிட்டு, அதை அடித்துத் திருத்திவிட்டு, அரை நாள் விடுப்பு கேட்டு வீட்டுக்கு வந்தாள்.

அவள் கணவன் லிஃப்ட் கம்பெனிக்குப் பாதுகாப்பு வீடியோ எடுத்துக் கொடுக்கிறவன். கதவு மூடும்போது கையை நீட்டாதீர்கள், தீப்பிடித்தால் படிக்கட்டில் இறங்குங்கள், அந்த ரகம். மனைவியின் படங்களுக்கு எடிட்டிங்கும் ஒலியும் அவன்தான். இசை உரிமை விஷயத்தில் அடிபட்டுத் தேறியவன் என்பதால் விளக்க ஆரம்பித்தான்.

"பதிவு பண்ணின சத்தத்துக்கு ஒரு ஓனர், மெட்டுக்கு ஒரு ஓனர். வாயில முணுமுணுத்தாலும் மெட்டு மெட்டுதான். அதனாலதான் மிஷின் பிடிச்சிருக்கு."

"சரி, அந்தப் பதினேழாம் பகுதியைப் போடுங்க. என்ன பாட்டுன்னு பார்ப்போம்."

போட்டான். கடலலை வந்தது. அதன் மேல் புல்லாங்குழல். இரண்டுக்கும் அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, ஒரு பெண்ணின் முணுமுணுப்பு. அதே மெட்டு. வரி நிற்கிற இடங்களில் மட்டும் புல்லாங்குழல் குறுக்கே புகுந்து குழைந்தது. டைரக்டர் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பேசாம அந்த முணுமுணுப்பைத் தூக்கிடலாம். பியானோ ஒண்ணு போட்டுடறேன். உரிமைப் பிரச்சினை இல்லாதது என்கிட்டயே இருக்கு. நாளைக்கே முடிச்சிடலாம்."

சாதாரணமாக ஒரு கதவுச் சத்தத்தை மாற்றச் சொன்னாலே மூன்று நாள் முனகுகிறவன் இவ்வளவு சுறுசுறுப்பாகப் பேசியது அவளுக்கு உறுத்தியது. ஆனால் வெள்ளிக்கிழமை தலைக்கு மேல் தொங்கியது. சரி என்றாள். ஒரு வார்த்தை அத்தையிடமும் போய்க் கேட்டாள்.

"அத்தை, சட்டை தேய்க்கும்போது ஒண்ணு பாடினீங்களே, அது எந்தப் பாட்டு?"

"நானா? நான் எங்கம்மா பாடினேன்? எனக்குப் பாட்டே வராதே" என்று அத்தை ஈரத் துணிகளைக் கொடியில் போடப் போய்விட்டார். பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது.

புதன்கிழமை மாலைக்குள் பியானோ வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்று பேரும் சேர்ந்து பார்த்தார்கள். அத்தை சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. லிஃப்ட்ல போற மாதிரி இருக்கு" என்றார்.

டைரக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் அந்த நாலு நிமிடம் செத்துக் கிடந்தது. உதடு மூடிய ஒரு பெண், சம்பந்தமே இல்லாமல் எங்கோ யாரோ வாசிக்கிற பியானோ. எல்லாவற்றையும்விட அந்தக் கை. முணுமுணுப்பு இருந்தபோது அழகாக இருந்த கை, இப்போது ஈ ஓட்டுகிற மாதிரி இருந்தது. அவள் படத்தைப் பின்னால் ஓட்டினாள், மறுபடி ஓட்டினாள். கை எழும்புகிற இடைவெளிகளை விரல்விட்டு எண்ணினாள். ஒரே சீராக வந்தது.

"அத்தை, இந்தக் கையை ஏன் தூக்கறீங்க?"

அத்தை கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். "எங்க, மறுபடி போடு. சத்தத்தோட போடு. பழசைப் போடு."

பழையதைப் போட்டாள். முணுமுணுப்பு ஓடியது, நின்றது, கை எழும்பியது. சோபாவில் உட்கார்ந்திருந்த அத்தையின் இடது கையும் கூடவே எழும்பி, பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டது.

"அட, இதுவா!" அத்தைக்கு வெட்கத்தில் முகமே சிவந்துவிட்டது. "இது டைப் அடிக்கும்போது வர்றது. ஆபீஸ்ல இருபத்தாறு வருஷம் டைப் அடிச்சேனே. வரி முடியப் போறப்ப மெஷின் டிங்குனு ஒரு மணி அடிக்கும். உடனே இடது கையால கம்பியைத் தள்ளி அடுத்த வரிக்கு வரணும். வாயில ஏதாவது ஓடிக்கிட்டே இருந்தாத்தான் எனக்கு வேகம் வரும். மணி அடிச்சா வாயும் நிக்கும், கை தள்ளும். இதையா பாட்டுன்னு சொல்றே?"

"அப்ப இது எந்தப் படப் பாட்டும் இல்லையா?"

"படமாவது ஒண்ணாவது. ஒரு நாளைக்கு நாப்பது லெட்டர். அதுல எங்க படம் பார்க்கிறது? அதுவா வந்துச்சு, அப்படியே நின்னுடுச்சு. கையெழுத்து எல்லாம் மேனேஜர் போடுவார். டைப் அடிச்சவங்க கீழ இடது மூலையில தங்க பேர்லேர்ந்து சின்னதா ரெண்டு எழுத்து அடிக்கணும், அவ்வளவுதான். தப்பு வந்தா யாரைத் திட்டறதுன்னு தெரியணுமில்ல."

"அப்படின்னா இந்த மெட்டு அந்தத் தூக்கக் கம்பெனிக்கு எப்படிப் போச்சு?"

அத்தையும் மருமகளும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கணவன் சிந்திய தண்ணீரைத் துடைக்கிற சாக்கில் சோபாவுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தான்.

வெளியே வந்து ஒப்புக்கொண்டான். எட்டு வருடம் முன்பு, ஒலி வேலை கற்றுக்கொண்ட புதிதில், ஒலிகளை மாற்றிக்கொள்கிற ஒரு தளத்தில் சேர்ந்தான். நாம் ஒன்று கொடுத்தால், மற்றவர்கள் வைத்திருப்பதில் ஐந்து எடுத்துக்கொள்ளலாம். அவனுக்கு அவசரமாக ஒரு சத்தம் தேவைப்பட்டது. கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. பக்கத்து அறையில் அம்மா யாருக்கோ மனு டைப் அடித்துக்கொண்டு முணுமுணுப்பது கேட்டது. மைக்கை நீட்டினான், டைப் சத்தத்தை வடிகட்டிக் குரலை மட்டும் பிரித்தான், 'யாரும் எதற்கும் பயன்படுத்தலாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டு ஏற்றிவிட்டான்.

"என்ன சத்தம் வாங்கினே?" என்று கேட்டார் அத்தை.

அவன் தலையைச் சொறிந்தான்.

"கேட்கறாங்கல்ல, சொல்லு" என்றாள் டைரக்டர். கோபம் வந்தால் 'நீங்க' காணாமல் போய்விடும்.

"கதவு கிறீச்சிடற சத்தம்மா."

பெற்ற தாயின் குரலைக் கொடுத்துவிட்டு ஒரு துருப்பிடித்த கதவை வாங்கி வந்திருக்கிறான் ஒரு பிள்ளை. அத்தைதான் முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலாகிக் கண்ணில் தண்ணீர் வந்து, "அந்தக் கதவாவது நல்லா இருந்துச்சாடா?" என்று கேட்டு மறுபடி சிரித்தார். டைரக்டரும் சிரித்துவிட்டாள். அந்தக் கதவு அவளுடைய முதல் படத்தில் பதினோரு தடவை திறந்து மூடுகிறது.

சிரித்து முடித்ததும் அவளுக்கு மூளை வேலை செய்தது. "வடிகட்டாத பதிவு இருக்கா?"

ஒலிக்காரர்கள் தும்மலைக்கூட அழிக்க மாட்டார்கள். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கிச் சொருகினான். எட்டு வருடத்துக்கு முந்தைய தேதியோடு கோப்பு இருந்தது. டைப் சத்தம் மழை மாதிரி கொட்டியது. அதற்கு நடுவே முணுமுணுப்பு, வரி முடிகிற ஒவ்வொரு இடத்திலும் 'டிங்', கம்பி தள்ளும் 'சர்ர்'. கடைசியில் அத்தையின் குரல் கணீரென்று: "என்னடா மூஞ்சிக்கு நேரா நீட்டறே, போடா அந்தப் பக்கம்!"

புல்லாங்குழல் குழைந்த ஒவ்வொரு இடமும் உண்மையில் மணி அடிக்கிற இடம். வியாழக்கிழமை காலையில் அந்தக் கோப்பைத் தூக்கக் கம்பெனிக்கு அனுப்பி, டைரக்டர் ஒரே ஒரு கேள்விதான் எழுதினாள்: 'உங்கள் மெட்டு ஏன் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முறை நிற்கிறது என்று சொல்ல முடியுமா?' மாலையில் பதில் வந்தது. இலவசமாகக் கிடைத்த ஒலி என்று எடுத்தார்களாம், மெட்டுக்கே உரிமை கேட்டது தவறுதானாம், கோரிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டார்களாம். வீடியோ தளமும் படத்தைத் திறந்துவிட்டது. பியானோவைத் தூக்கிவிட்டுப் பழைய நாலு நிமிடத்தைக் கணவனே திரும்ப ஒட்டினான், ஒரு முனகல்கூட இல்லாமல்.

இத்தோடு முடிந்தது என்று டைரக்டர் குதித்தாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, விடுப்பில் அவள் வீட்டில் இருந்தபோது, விழா அலுவலகப் பெண் போனில் கூப்பிட்டார்.

"கம்பெனி விலகினது சரிங்க. ஆனா உங்க படிவத்துல இயற்றியவர் தெரியவில்லைன்னு இருக்கே. யாருன்னே தெரியாத மெட்டை நாங்க எப்படித் திரையிடறது? இயற்றினவங்க பேரும், அவங்க கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதமும் அஞ்சு மணிக்குள்ள வேணும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அத்தை வாசல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக வந்து மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, படிவத்தைப் படித்தார்.

"தெரியவில்லை. ஏதோ பழைய பாட்டு" என்று வாய்விட்டு வாசித்தார். கிண்டலாக ஏதாவது வரும் என்று டைரக்டர் காத்திருந்தாள். வரவில்லை.

"பக்கத்து ரூம்ல இருக்கிறவளுக்குப் போட்டுக் காட்டிக் கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமேம்மா" என்றார் அத்தை.

டைரக்டர் குனிந்து அந்த வரியை மறுபடி படித்தாள். கல்யாணமாகி வந்த ஆறு வருடமாக அந்த மெட்டைக் கேட்டுக்கொண்டே பல் தேய்க்கிறாள், தலை வாருகிறாள். அதைக் கேட்டு அழுதுமிருக்கிறாள். மிஷின் பிடிக்கும்வரை அது யாருடையது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. படம் போய்விடுமோ என்ற பயத்தைவிட இது பெரிதாக வலித்தது.

"தப்புதான் அத்தை. உங்ககிட்ட அனுமதியே கேட்காம எடுத்துட்டேன். அவர் பண்ணினதைத்தான் நானும் பண்ணியிருக்கேன். நீங்க வேண்டாம்னு சொன்னா படத்தை வாபஸ் வாங்கிடறேன்."

அத்தை அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தள்ளு. லெட்டர் அடிக்கறதுக்கு நீ லாயக்குப் படமாட்டே. ரெண்டு விரல்ல கொத்துவே."

பத்து விரலும் இறங்கின. முணுமுணுப்பு தானாக ஆரம்பித்தது. வரி முடிகிற இடத்தில் இடது கை எழும்பி, தள்ள ஒன்றும் இல்லாமல் இறங்கியது. டைரக்டர் முன்ஜாக்கிரதையாகப் பக்கத்தில் இருந்த காபிக் கோப்பையை நகர்த்தி வைத்தாள். பதினைந்து நிமிடத்தில் கடிதம் அச்சாகி வந்தது. அவள் படித்தாள்.

'கீழ்க்கண்ட படத்தில் வரும் மெட்டு என்னால் இயற்றப்பட்டது. இதை "ஆறு சட்டை" என்ற படத்துக்கு மட்டும் என் மருமகளுக்கு அளிக்கிறேன். வேறு படத்துக்கு வேண்டுமானால் மறுபடி கேட்க வேண்டும். மெட்டில் உள்ள இடைவெளிகளைப் புல்லாங்குழல், கடலலை, பியானோ முதலியவற்றால் நிரப்பக் கூடாது. இதைக் கேட்டுத் தூங்குவது அவரவர் விருப்பம், ஆனால் தூக்கத்துக்கென்று விற்கக் கூடாது. என் மகன் இந்த மெட்டைக் கொடுத்துக் கதவு, ஜன்னல், தாழ்ப்பாள் ஆகியவற்றின் ஓசை எதையும் பெறக் கூடாது.'

"அம்மா, இதைப் போய் விழாவுக்கு அனுப்பணுமா?" என்று கெஞ்சினான் கணவன்.

"அனுப்பணும்" என்றார்கள் இருவரும்.

அத்தை பேனாவை வாங்கி, வேறொரு தாளில் இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு, கடிதத்தின் அடியில் முழுப் பேரையும் கையெழுத்தாகப் போட்டார். டைரக்டர் படிவத்தில் 'தெரியவில்லை' என்பதை அழித்து, அந்தப் பேரை எழுத்துப் பிசகாமல் ஏற்றினாள். நாலு முப்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்குப் பதில் வந்தது: படம் உறுதி. கதவு, ஜன்னல் வரியை அலுவலகம் முழுக்கப் படித்துச் சிரித்தார்களாம்.

டைரக்டர் கடிதத்தின் மூலப் பிரதியைக் கோப்பில் வைக்க எடுத்தபோதுதான் கவனித்தாள். தாளின் அடியில், இடது மூலையில், சின்னதாக இரண்டு எழுத்து அடித்திருந்தது.

"இது எதுக்கு அத்தை? கையெழுத்தே நீங்கதானே போட்டிருக்கீங்க?"

அத்தை தாளை வாங்கிப் பார்த்தார். மூலையில் இருந்த இரண்டு எழுத்தைப் பார்த்தார், மேலே இருந்த கையெழுத்தைப் பார்த்தார்.

"பழக்கதோஷம்" என்றார். பிறகு தாளை விரல்களால் ஒரு தடவை நீவிவிட்டு, "எத்தனை ஆயிரம் லெட்டர் அடிச்சிருப்பேன். ரெண்டு இடத்திலேயும் நானே இருக்கறது இது ஒண்ணுலதாம்மா" என்று சொல்லி, கோப்பில் தானே வைத்தார்.